முதலுரிமையும் தலைத்தெரிவும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

கற்பனை அணிக் கூடைப்பந்தில் (ஃபேன்டசி பாஸ்கெட்பால்: உண்மையான ஆட்டக்காரர்களைக் கொண்டு நாமே அணி அமைத்து, அவர்களின் மெய்யான ஆட்டத்தால் புள்ளி பெறும் விளையாட்டு) ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுத்துக்கொள்ளும் டிராஃப்டை 'வரைவு' என்று எழுத வேண்டாம் என்பதில் நமக்குள் இனி வேறுபாடு இல்லை. அச்சொல் சட்ட முன்வரைவையே நினைவூட்டும். 'தெரிவு' போதும். எஞ்சியிருப்பது 'ஃபர்ஸ்ட் பிக்'. முந்தைய மடலில் முன்மொழியப்பட்ட 'முதன்மைத் தெரிவு' எனக்கு உடன்பாடாக இல்லை.

ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல், எல்லாருக்கும் முன்பாக எடுக்கும் வாய்ப்பையும் அவ்வாய்ப்பில் எடுக்கப்படும் ஆட்டக்காரரையும் சேர்த்தே குறிக்கிறது. வாய்ப்பு பெரும்பாலும் குலுக்கலில் வருவது. ஆட்டக்காரர், கற்பனை அணியை நடத்தும் மேலாளரின் கணிப்பில் வருபவர். 'முதன்மைத் தெரிவு வீணாயிற்று' என்று ஒருவர் எழுதினால், குறை இடத்தில் இருந்ததா, கணிப்பில் இருந்ததா என்பது வாசகருக்குத் தெரியாது. இடத்திற்கென்று தனிக் குறையும் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் வரிசை தலைகீழாகத் திரும்பும் முறையில், 12 அணிகள் இருந்தால், முதலில் எடுத்தவருக்கு அடுத்த வாய்ப்பு 24ஆவது, 25ஆவது இடங்களில்தான் வரும். இடையில் 22 பேர் போய்விடுவார்கள்.

'முதன்மை' என்பதில் 'மிகச் சிறந்தவர்' என்ற தொனி ஏறிவிடுவது அதனினும் பெரிய இடர். யார் முதலில் எடுக்கத்தக்கவர் என்பதைப் புள்ளி வழங்கும் முறையே முடிவு செய்கிறது. வட அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் ஆட்டக்காரர் யானிஸ் அன்டெட்டகூன்போவை எடுத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் ஒரே கூட்டுத்தொகையாக்கும் புள்ளி முறையில் அவர் உச்சத்திற்கு அருகில் நிற்பார்; ஒன்பது புள்ளிவிவரங்களைத் தனித்தனியே ஒப்பிடும் ஒன்பது பிரிவு முறையிலோ, ஃப்ரீ த்ரோவை (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறிதலை) அவர் அடிக்கடி எறிவதாலும் அவற்றில் பல தவறுவதாலும், அணி முழுவதன் ஃப்ரீ த்ரோ விழுக்காட்டையும் கீழே இழுத்துவிடுவார். நிக்கோலா யோக்கிச் இரு முறைகளிலும் முன்னே நிற்பதற்குக் காரணம், சென்டராக (வளையத்தருகே ஆடுபவராக) இருந்துகொண்டே அசிஸ்ட்டுகளை (சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்க உதவும் பாஸ்களை) குவிப்பதுதான்: 2024-25 பருவத்தில் ஆட்டத்திற்குச் சராசரியாக 29.6 புள்ளி, 12.7 ரீபவுண்டு (தவறிய எறிதலில் மீளும் பந்தைப் பிடித்தல்), 10.2 அசிஸ்ட். அவரை 2014இல் என்.பி.ஏ. அணிகள் 41ஆவதாகத்தான் எடுத்தன என்பதையும் 'முதன்மை' என்ற சொல்லின் ஆதரவாளர்கள் கருத வேண்டும்.

உடல்நலமும் கணக்கில் வரும். 2023இல் என்.பி.ஏ.வே முதலாவதாக எடுத்த விக்டர் வெம்பன்யாமா, பிளாக்கையும் (எதிரணியின் எறிதலைத் தடுப்பதையும்) மூன்று புள்ளி எறிதலையும் ஒருங்கே தரும் அரியவர். ஆனால் 2024-25இல், தோளில் இரத்தம் உறைந்த சிக்கலால், 82 ஆட்டங்களில் 46இல் மட்டுமே ஆடினார். இச்சிக்கல் பிப்ரவரியில் நேர்ந்ததால், கற்பனை அணிகளின் இறுதிக்கட்டப் போட்டிகளில் அவர் இல்லை. அவரை எடுத்தவரின் இடம் நல்லது, கணிப்பும் நியாயமானது, விளைவுதான் கெட்டது. இதைத் தெளிவாகச் சொல்ல இரு சொற்கள் தேவை.

எனவே வாய்ப்புக்கு 'முதலுரிமை', அதில் எடுக்கப்படும் ஆட்டக்காரருக்குத் 'தலைத்தெரிவு' என்று முன்மொழிகிறேன். ('தலைமுறை' என்பது வாய்ப்புக்கு அழகாகவே பொருந்தியிருக்கும், அந்த வீட்டில் ஏற்கெனவே வேறொருவர் குடியிருக்கிறார்.)

*

மறுமொழி:

ஐயா, 'தலைத்தெரிவு' எனக்கு முழு உடன்பாடு. 'முதலுரிமை' என்பதை 'முன்னுரிமை' என்று பிழையாகப் படித்துவிடுவார்களோ என்று முதலில் தயங்கினேன். ஆயினும் இவ்வாய்ப்பை மற்றோர் அணியுடன் மாற்றிக்கொள்ளச் சில லீக்குகள் இடமளிப்பதால், கைமாறக்கூடிய ஒன்றை 'உரிமை' என்பது பொருத்தமே.

ஒரு வரையறை மட்டும் சேர்க்க வேண்டும். ஏல முறையில் வரிசையே கிடையாது; எந்த மேலாளரும் தம் தொகைக்குள் எவரையும் கேட்கலாம். அங்கே முதலில் ஏலத்திற்கு வருபவரையோ, அதிக விலைக்குப் போனவரையோ 'தலைத்தெரிவு' என்று அழைக்கலாகாது. சொல்லடைவில் இதை வரிசை முறைக்கு மட்டுமே உரியதாகக் குறிப்போம். வரிசை மடங்கித் திரும்பும் முறைக்கு, 'ஸ்னேக் டிராஃப்ட்' என்னும் ஆங்கிலத்தைப் பின்பற்றிப் பாம்பை அழைக்காமல், 'மடக்குத் தெரிவு' எனலாமா? மாற்றுக் கருத்து இருப்பின் தெரிவியுங்கள். இல்லையேல் மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.