டேப்லெட்டில் டாஸ்க்பார் நிலையாக நிற்க வழி உண்டா?

அனைவருக்கும் வணக்கம். 2022 மார்ச்சில் வெளிவந்த ஆண்ட்ராய்டு 12எல் பெரிய திரைகளுக்கென்றே அமைக்கப்பட்டது என்பதும், அடியிலுள்ள டாஸ்க்பாரிலிருந்து (செயலிச் சின்னங்கள் வரிசையாக நிற்கும் பட்டை) ஒரு செயலியை இழுத்துவிட்டாலே திரை இரண்டாகப் பிரியும் வசதி அதனுடன் வந்தது என்பதும் பலர் அறிந்ததே. இடப்பக்கம் பிடிஎஃப், வலப்பக்கம் குறிப்பேடு என வைத்துப் படிக்கும் ஆசையில், என் பத்து அங்குல டேப்லெட்டைச் சென்ற வாரம் ஆண்ட்ராய்டு 12இலிருந்து, 12எல்லின் இவ்வசதிகளையும் கொண்ட 13க்கு அப்டேட் செய்தேன். ஆனால் எந்தச் செயலியைத் திறந்தாலும் டாஸ்க்பார் மறைந்துவிடுகிறது. வங்கிச் செயலியோ, டேப்லெட்டைக் கிடைமட்டமாகப் பிடித்தால், இருபுறமும் கறுப்புப் பட்டை விட்டு நடுவில் ஒடுங்கி நிற்கிறது (இது செயலியை எழுதியவர்களின் குறை என்றே நினைக்கிறேன்). ரீஸ்டார்ட் செய்தும் பயனில்லை. ஃபேக்டரி ரீசெட் செய்யாமல் டாஸ்க்பாரை நிலைநிறுத்த எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும், நான் தனியாக நிறுவியுள்ள லாஞ்சர் (முகப்புத் திரையை அமைக்கும் செயலி) இதற்குக் காரணமாக இருக்குமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.