‘பெரிய வீட்டு உறவுகள்’ வாட்ஸப் குழு: ஒன்றாம் வகுப்பில் 46 பேர்

கவிதா: எல்லோருக்கும் காலை வணக்கம். எங்கள் நிலா படிக்கிற பள்ளியிலிருந்து நேற்று ஒரு சர்க்குலர் வந்தது. யூகேஜியில் மூன்று செக்‌ஷன் இருந்ததை ஒன்றாம் வகுப்பில் இரண்டாக்கிவிட்டார்கள். செக்‌ஷனுக்கு 30, 31 என்று இருந்த பிள்ளைகள் இனி 46. ஈடுகட்ட வகுப்புக்கு ஒரு துணை மிஸ் போடுவார்களாம். ஜெயா அத்தை, நீங்கள் டீச்சராக இருந்தவர், என்ன சொல்கிறீர்கள்?

செந்தில் அண்ணன்: நாங்கள் படிக்கும்போது ஒரே அறையில் 60 பேர். அதுவும் தரையில். என்ன கெட்டுப்போனோம்?

முத்து சித்தப்பா: ஏ செந்திலு, நீ இரண்டாம் வகுப்பு முடிகிறவரை எழுத்துக்கூட்டத் தெரியாமல் நின்றாய். ஆச்சிதான் சாயங்காலம் சாயங்காலம் திண்ணையில் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

செந்தில் அண்ணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முத்து சித்தப்பா: நீக்குவதற்குள் படித்துவிட்டேன்டா.

ஜெயா அத்தை: குரல் பதிவு 3:40

கவிதா: அத்தை, ஆபீஸில் இருக்கிறேன், கேட்க முடியாது. எழுதுங்களேன்.

ஜெயா அத்தை: சரி, கண்ணாடியை எடுத்து வருகிறேன்.

ஜெயா அத்தை: செந்தில், அந்த 60 பேரில் ஐந்தாம் வகுப்பில் உன்னோடு எத்தனை பேர் இருந்தார்கள்?

செந்தில் அண்ணன்: சரியாக ஞாபகமில்லை அத்தை. பாதிப் பேர் இருந்திருப்பார்கள்.

ஜெயா அத்தை: மீதிப் பாதி இந்தக் குழுவில் இல்லை. இருந்தால் கெட்டுப்போனோமா இல்லையா என்று அவர்கள் சொல்வார்கள்.

ஜெயா அத்தை: கவிதா, எட்டாம் வகுப்பில் பாடம் நடத்தினால் 30 பேர் கேட்டாலும் 50 பேர் கேட்டாலும் டீச்சருக்குத் தொண்டை ஒன்றுதான். ஒன்றாம் வகுப்பு அப்படி இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் வாய்விட்டு வாசிப்பதை டீச்சர் காதால் கேட்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 46 பேருக்கு 92 நிமிடம் ஆகிறது. பீரியடோ 40 நிமிடம். அதனால் எல்லோரையும் கோரஸாகச் சொல்லவைப்பார்கள். கோரஸில் சும்மா வாயசைக்கிற பிள்ளையை எந்த மிஸ்ஸாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஜெயா அத்தை: எழுத்தும் அப்படித்தான். நோட்டில் ‘அ’ அழகாக இருக்கும், ஆனால் பிள்ளை அதைக் கடைசிக் கோட்டிலிருந்து தொடங்கி எழுதியிருக்கும். சாயங்காலம் நோட்டு திருத்துகிறவளுக்கு அது தெரியாது. எழுதும்போது பக்கத்தில் நின்று கையைப் பார்த்தவளுக்குத்தான் தெரியும். மூன்றாம் வகுப்பில் போர்டைப் பார்த்து வேகமாக எழுதச் சொல்லும்போது அந்தப் பிள்ளை பின்தங்கும். உடனே கையெழுத்து மோசம், கவனம் இல்லை என்று டைரியில் எழுதி அனுப்புவார்கள்.

உமா மைனி: எங்கள் கார்த்திக்கு இதே கதைதான் அத்தை. நாலாம் வகுப்பு வந்தும் ‘ழ’வைக் கீழேயிருந்துதான் ஆரம்பிக்கிறான். டைரியில் மூன்று தடவை சிவப்பு மை.

பாலா அத்தான்: இங்கே இரவு பதினொன்று. தூங்கப்போகிற நேரத்தில் குழுவைத் திறந்தது தப்பு. அமெரிக்காவில் நான் இருக்கிற இந்த டென்னசி மாநிலத்தில்தான், வகுப்பில் பிள்ளைகளைக் குறைத்தால் பலன் உண்டா என்று முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். ஸ்டார் என்று பெயர், 1985இல் தொடங்கி நான்கு வருடம். 79 பள்ளிகள், 11,000க்கும் மேல் பிள்ளைகள், கிண்டர்கார்டன் முதல் மூன்றாம் வகுப்பு வரை. எந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்பதைக் குலுக்கல் போட்ட மாதிரிதான் பிரித்தார்கள், சிபாரிசெல்லாம் செல்லாது. முதல் வகையில் வகுப்புக்கு 13 முதல் 17 பேர். இரண்டாவது வகையில் 22 முதல் 25. மூன்றாவதிலும் அதே 22 முதல் 25தான், கூட முழுநேரமும் ஒரு துணை ஆள். சிறிய வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முந்தினார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் பலன் இன்னும் கூடுதல்.

கவிதா: அத்தான், அந்த மூன்றாவது வகைதானே எங்களுக்கு வரப்போகிறது? அது என்ன ஆனது?

பாலா அத்தான்: துணை ஆள் இருந்த வகுப்புக்கும் இல்லாத வகுப்புக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

செந்தில் அண்ணன்: அத்தான், உங்கள் ஊரில் பெரிய வகுப்பே 25தான். நமக்குச் சின்ன வகுப்பு 31. அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் எப்படி?

பாலா அத்தான்: நியாயம்தான் மாப்பிள்ளை. 46ஐ 31 ஆக்கினால் அதே பலன் வரும் என்று இதைவைத்து அடித்துச் சொல்ல முடியாது. எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கும் ஒரு ஊர் இருக்கிறது. 1996இல் கலிபோர்னியாவில் மூன்றாம் வகுப்பு வரை 20 பேர் என்று அவசரமாகக் கொண்டுவந்தார்கள். மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் ஆள் எடுக்கவேண்டி வந்ததால் பயிற்சி முடிக்காதவர்கள் நிறையப் பேர் வேலைக்கு வந்தார்கள். ஏழைகள் இருக்கிற பகுதிப் பள்ளிகள்தான் அதில் அதிகம் அடிபட்டன.

உமா மைனி: நம் சட்டத்தில் 30 பிள்ளைக்கு ஒரு டீச்சர் என்று இல்லையா? அதைக் காட்டிக் கேட்க முடியாதா?

ஜெயா அத்தை: 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 90 வரை 3, 120 வரை 4 என்று போகும். 200க்கு மேல் போனால் 40க்கு ஒருவர் என்று தளர்த்திவிட்டார்கள். ஆனால் அது பள்ளி மொத்தத்துக்கான கணக்கு உமா. ஒரு அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று அந்த அட்டவணையில் இல்லை. பாட்டு மிஸ், கம்ப்யூட்டர் மிஸ், பிடி சார் எல்லோரையும் சேர்த்து எண்ணிக் காட்டிவிடுவார்கள்.

முத்து சித்தப்பா: அப்படியென்றால் நம் ஊர் யூனியன் பள்ளியில் சேர்த்துவிடு கவிதா. மொத்தமே 40 பிள்ளைகள், 2 டீச்சர். காலையில் உப்புமா, பொங்கலெல்லாம் போடுகிறார்கள்.

ஜெயா அத்தை: முத்து, ஈராசிரியர் பள்ளியில் நான் வேலை பார்த்தவள்டா. 40க்கு 2 என்றால் 20க்கு ஒருவர், காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கும். வகுப்பு ஐந்து இருக்கிறதே. ஒருத்திக்கு ஒன்று, இரண்டு, மூன்று. இன்னொருத்திக்கு நாலும் ஐந்தும், கூடவே ஹெச்எம் வேலை. ஒருத்தி பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பும் மற்றவள் தலையில். 2022இல் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலையைப் பார்த்துக் குழு பிரிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனாலும் மூன்று குழுவுக்கும் டீச்சர் ஒருத்திதான். அப்புறம், ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது: ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கக் கேட்க எனக்கு அங்கேதான் நேரம் கிடைத்தது.

செந்தில் அண்ணன்: சரி, மூன்றாவது செக்‌ஷன் கேட்டால் ஃபீஸை ஏற்றுவார்கள். பரவாயில்லையா?

கவிதா: கணக்குப் போட்டேன் அண்ணா. மிஸ்ஸுக்கு மாதம் 18,000 சம்பளம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 2,16,000. 92 பிள்ளைகளுக்குப் பங்கு போட்டால் ஒரு பிள்ளைக்கு 2,350 ரூபாய்கூட வராது. போன வருடம் ஸ்மார்ட் கிளாஸ் என்று சொல்லி இதைவிட அதிகம் வாங்கினார்கள். இரண்டு துணை மிஸ்ஸுக்குச் சம்பளம் கொடுக்கத்தானே போகிறார்கள், அதையும் கழிக்க வேண்டும்.

உமா மைனி: ஸ்மார்ட் கிளாஸில் ரைம்ஸ்தான் ஓடுகிறது.

ஜெயா அத்தை: முதலில் மூன்றாவது செக்‌ஷனைக் கேள். ஒரேயடியாக முடியாது என்றால் துணை மிஸ்ஸுக்கு என்ன வேலை என்று கேள். நோட்டை அடுக்கவும் பாத்ரூமுக்குக் கூட்டிப்போகவும் மட்டும் ஆள் போட்டால் பாலா சொன்ன கதைதான். தினமும் காலையில் இரண்டு பீரியட், பாதிப் பிள்ளைகளைத் துணை மிஸ் வெளியே கதைக்கும் விளையாட்டுக்கும் கூட்டிப்போகட்டும். மீதி 23 பேரோடு கிளாஸ் மிஸ் உட்கார்ந்து வாசிக்கக் கேட்கட்டும். அப்புறம் மாற்றிக்கொள்ளட்டும். இதற்குக் கூடுதலாகக் காசு வேண்டாம், டைம்டேபிளை மாற்றினால் போதும்.

கவிதா: இது நல்ல யோசனை அத்தை. சனிக்கிழமை பத்து மணிக்குப் பேரன்ட்ஸ் மீட்டிங். எங்கள் வகுப்பு அம்மாக்கள் சிலரும் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார்கள். ஹெச்எம் பெயருக்குத்தானே எழுத வேண்டும்?

ஜெயா அத்தை: மூன்றாவது செக்‌ஷனுக்குக் கரஸ்பாண்டன்ட் பெயருக்கு எழுது, ஆள் எடுப்பது அவர் கையில். டைம்டேபிளுக்கு ஹெச்எம்மிடம் தனியாகப் பேசு. இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதினால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார்.

செந்தில் அண்ணன்: நானும் வரட்டுமா?

கவிதா: வா அண்ணா, ஆனால் அந்த 60 பேர் கதையை மட்டும் அங்கே எடுக்காதே.