ஐ.இ.பி. கையில் இருக்கிறது, தெரபி நடக்கிறதா?

அமெரிக்கா வந்து, பிள்ளைக்கு ஐ.இ.பி. (சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்குப் பள்ளி எழுதித் தரும் தனிக் கல்வித் திட்டம்) போட்டுக் கையெழுத்தும் ஆனதும் 'அப்பாடா' என்று இருந்தேன். பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறேன் என்பது அப்புறம்தான் புரிந்தது.

மகனுக்கு வாரம் இரண்டு முறை, 30 நிமிடம் ஸ்பீச் தெரபி. ஜனவரியில் தெரபிஸ்ட் பிரசவ விடுப்பில் போனார். மாற்று ஆளும் வரவில்லை, எங்களுக்குத் தகவலும் இல்லை. அவனுக்கோ வீட்டுக்கு வந்து சொல்லத் தெரியாது. ஏப்ரல் மாதப் புராக்ரஸ் ரிப்போர்ட்டில் பழைய வரிகளே திரும்ப வந்திருந்ததைப் பார்த்துத்தான் சந்தேகம் தட்டியது.

டீச்சரைக் கேள்வி கேட்க நமக்குக் கூசும். கேளுங்கள், ஆனால் ஈமெயிலில். எந்தத் தேதியில், எத்தனை நிமிடம், யார் கொடுத்தார்கள் என்ற சர்வீஸ் லாக் வேண்டும் என்று இரண்டே வரி போதும். பிள்ளையின் பள்ளிப் பதிவுகளைப் பார்ப்பது ஐ.டி.இ.ஏ. என்ற அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டப்படி நம் உரிமை. அதிகபட்சம் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். 'ஆள் கிடைக்கவில்லை' என்பது பள்ளியின் கஷ்டம்தான், ஆனால் எழுதிக் கொடுத்த தெரபியை நிறுத்த அது காரணமாகாது. விட்டுப்போன நேரத்துக்குக் 'காம்பென்சேட்டரி சர்வீஸ்', அதாவது ஈடுசெய்யும் தெரபி, கேளுங்கள். எங்களுக்குக் கோடை விடுமுறையில் கொடுத்தார்கள்.

கையெழுத்துக்கு முன்பே வார்த்தைகளைப் பாருங்கள். 'தேவைப்படும்போது' என்று இருந்தால் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. வாரத்துக்கு எத்தனை நிமிடம், தனியாகவா குழுவிலா என்று எழுதச் சொல்லுங்கள். மீட்டிங்கில் ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், செலவு பள்ளியுடையது.

மசியவில்லையா? மாநிலக் கல்வித் துறைக்குப் புகார் எழுதலாம். தவறு நடந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும். பொதுவாக 60 நாளில் முடிவு சொல்வார்கள். வக்கீல் தேவையில்லை. டியூ பிராசஸ் என்பது கிட்டத்தட்ட கோர்ட் வழக்கு மாதிரி, என்னைக் கேட்டால் அது கடைசியில். அதற்கு முன் உங்கள் மாநிலத்தில் இப்படிப்பட்ட பெற்றோருக்கு வழிகாட்டும் பேரன்ட் சென்டரைக் கூப்பிடுங்கள். மத்திய அரசு நிதியில் நடக்கிறது, காசு வாங்க மாட்டார்கள்.

எச்-4 விசாவில் (வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) இருப்பவர்கள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். இந்த உரிமைக்கும் விசாவுக்கும் சம்பந்தமில்லை.

லாக்கை மே மாதத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். ஜூனில் பள்ளி மூடிவிட்டால் பதில் போட ஆள் இருக்காது.