பதில்: மைக்ரோபயோம் = நுண்ணுயிரகம்?

வணக்கம் அண்ணே,

மைக்ரோபயோமுக்குத் தமிழில் 'நுண்ணுயிரகம்' என்றே முடித்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள், எனக்கு ஒப்பவில்லை. சினைப்பைப் புற்றுநோய் பற்றி நான் மொழிபெயர்க்கும் கட்டுரையை பாலக்கோட்டில் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். களி கிண்டிக்கொண்டே, "அது எந்த ஊர்ல இருக்கு, பஸ் போகுமா?" என்றார். உணவகம், மருந்தகம், நூலகம் என்று பழகிய காது வேறென்ன நினைக்கும்! 'நுண்ணுயிர்க்குடி' என்று மாற்றினேன். குடி என்றதும் மாமாவை ஒரு பார்வை பார்த்தார்.

நுண்ணுயிரிகள் மட்டும் என்றால் மைக்ரோபயோட்டா. அவற்றின் மரபணு, அவை சுரப்பது, வாழும் சூழல் எல்லாம் சேர்ந்தால்தான் மைக்ரோபயோம். பெண் பிறப்புறுப்பில் லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியா இருக்கிறதா என்பதோடு நிற்காது, அது விடும் அமிலம் அந்த இடத்தையே புளிப்பாக வைத்திருக்கிறதா என்பதும் சேர்ந்ததுதான் பேச்சு. 50 வயதுக்குக் குறைந்த சினைப்பைப் புற்றுநோயாளிகளிடம் அந்த பாக்டீரியா குறைந்திருப்பதாக 2019இல் ஓர் ஆய்வு வந்தது (காரணமா விளைவா என்பது வேறு வழக்கு). எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் நுண்ணுயிரிகளைக் கலைத்தபோது சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தே சரியாகப் பிடிக்கவில்லை.

அதனால் என் ஓட்டு 'நுண்ணுயிர்க்காடு'. எங்கள் பக்கம் காட்டுக்குப் போகிறேன் என்றால் ராகி போட்ட நிலத்துக்கு. மண், பயிர், களை, பூச்சி எல்லாம் அதில் அடக்கம்.

அப்புறம், கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்பு செல்லான மேக்ரோஃபேஜுக்கு 'காவல் செல்' வேண்டாம். வயிற்றில் கோத்த நீரில் மிதக்கும் புற்று செல்களுக்கே துணைபோகிற மேக்ரோஃபேஜ்கள் இந்த நோயில் ஏராளம், அதைக் காவல் என்றால் படிக்கிறவர் ஏமாந்துபோவார். 'பெருவிழுங்கி' போதும், யார் பக்கம் என்று பெயரிலேயே சொல்லாது. டி செல் என்ற இன்னொரு நோயெதிர்ப்பு செல்லின் பெயரை அப்படியே விடுங்கள். 2003இல் வந்த ஆய்வில், முற்றிய நோயிலும் கட்டிக்குள் டி செல் நுழைந்திருந்தவர்களில் 38 சதவீதம் பேர் 5 ஆண்டு தாண்டினார்கள், நுழையாதவர்களில் 4.5 சதவீதம்தான். அந்த வரியில் எந்த செல் என்று துளியும் குழம்பக்கூடாது.

---

தம்பி,

பெருவிழுங்கி சரி. ஆனால் சினைப்பைக்குச் சூலகம் என்றும் பெயர், அதுவும் அகம்தானே? காடு என்றால் சென்னைக்காரருக்கு யானைதான் ஞாபகம் வரும்.

---

சூலகத்தையும் அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன் அண்ணே, அதற்கும் பஸ்தான் கேட்டார். யானை எங்கள் காட்டுக்கும் வரும், ராகி கதிர் முற்றும்போது.