வெள்ளியங்கிரி: மாசியில் ஏறுவதா, சித்திரையிலா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

திருப்பூர்க்காரன்

போன சித்திரையில் நானும் மாமா பையனும் ராத்திரி ஒன்பதரைக்கு அடிவாரத்துப் பூண்டியில் தடி வாங்கிக்கொண்டு ஏறினோம். வெயில் காலம்தானே என்று ஸ்வெட்டர் எடுக்கவில்லை. வெள்ளைப் பிள்ளையார் கோயிலுக்குப் போவதற்குள் பனியனைப் பிழியலாம், அவ்வளவு வியர்வை. ஆறாவது மலை ஆண்டி சுனையில் எல்லோரும் முங்கினார்கள், நாங்களும் முங்கினோம். ஈர வேட்டியோடு கடைசி மலையான ஏழாவது மலை.

பாதி தூரத்தில் காற்று பிடித்துக்கொண்டது. பின்னால் தடி விழுந்த சத்தம். திரும்பினால் அவன் குனிந்து எடுக்கப் பார்க்கிறான், விரல் மடங்கவில்லை. மூங்கில் பாறையில் உருள்கிறது, அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். "டேய்" என்றால் பதில் இல்லை.

தரிசனம் முடித்து இறங்கி வந்த ஒரு பெரியவர், கோபிப் பக்கத்துக்காரர், டார்ச் அடித்து அவன் முகத்தைப் பார்த்தார். "ஏங்கண்ணு, ஈரத்தக் கழட்டு மொதல்ல" என்றவர், தன் கம்பளியைச் சுற்றிவிட்டுப் பாறை மறைவில் உட்காரவைத்து, வாயில் ஒரு துண்டு கருப்பட்டியைப் போட்டார். அரை மணி நேரம் கழித்து "அண்ணா, குளுருது" என்றான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. உச்சிக்குப் போகாமல் திரும்பிவிட்டோம்.

பெரியவரைக் கூட வந்தவர்கள் கூப்பிட, கம்பளியை வாங்காமலே இறங்கிவிட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. இந்த வருஷம் மறுபடி போக வேண்டும். மாசியா, சித்திரையா?

பொள்ளாச்சி

எப்போது போனாலும் சரி, மே கடைசிக்கு மட்டும் தள்ளாதீர்கள். நான் தள்ளினேன். ஏழு மலையும் ஏறி சுயம்பு லிங்கத்தைப் பார்த்து, திரும்பும்போது மத்தியானம் கோடை மழை. ஆறு மலை சுகமாக இறங்கியவன் முதல் மலைப் படியில் விழுந்தேன். படிக்கட்டே ஓடையாகிவிட்டது, எங்கே கல், எங்கே பள்ளம் என்று தெரியவில்லை. தடியை ஊன்றினால் வழுக்குகிறது. வலது முழங்கால் கல்லில் அடித்த அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் உட்கார்ந்து உட்கார்ந்தே படி படியாக இறங்கினேன், நாலு மணி நேரம். ஏறுவதற்குக்கூட அவ்வளவு நேரம் ஆகவில்லை அந்த மலைக்கு.

கீழே காத்திருந்தவள், கோவை

நான் ஏறவில்லை. வீட்டுக்காரர் ஏறினார், நான் அடிவாரத்தில் இருந்தேன். காலை எட்டு மணிக்குள் வந்துவிடுவேன் என்றார். பதினொன்று ஆகியும் வரவில்லை. போன் போட்டால் போகவே இல்லை. இறங்கி வருகிறவர்களிடம் எல்லாம் "நீலத் துண்டு போட்டவரைப் பார்த்தீங்களா" என்று கேட்டேன். தூரத்தில் தடி தட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து பார்ப்பேன். பன்னிரண்டரைக்கு வந்தார். மூச்சு வாங்கியதால் ஐந்தாவது மலையில் படுத்துத் தூங்கிவிட்டாராம். அவருக்கு ஐம்பத்திரண்டு வயசு. மாதம் எது என்று பார்க்கிறவர்கள், ஏறுவதற்கு முன் ஒரு தடவை இதயத்தையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மேலே மூச்சுத் திணறி இறந்தவர்களைப் பற்றி ஒவ்வொரு சீசனிலும் படிக்கிறோம்.

சென்னிமலை

பதினொரு தடவை போயிருக்கிறேன். திருப்பூர்த் தம்பி, தப்பு சித்திரையில் இல்லை, சுனையில்தான். பூண்டியைவிட உச்சி ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும். கீழே புழுக்கமாக இருக்கும்போதே மேலே ஸ்வெட்டர் கேட்கும். அதோடு பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. அதில் ஈரத் துணியோடு நின்றால் எந்த மாதமும் மார்கழிதான். தரிசனம் முடித்து, வெயில் வந்த பிறகு, இறங்கும்போது குளியுங்கள். நானும் முதல் தடவை முங்கிவிட்டு ஏறி, உச்சியில் கற்பூரத் தட்டில் கையைக் காட்டிக்கொண்டு நின்றவன்தான்.

பொள்ளாச்சித் தம்பி சொல்வதில் பாதிதான் சரி. மே கடைசியில் மழை என்பது உண்மை. ஆனால் வெயிலில் காய்ந்திருந்தாலும் அந்தப் படியில் முழங்கால் போகும். தொடை நடுங்கும்போது மழை எதற்கு? ஒரு மாதம் முன்பே பழகுங்கள். எங்கள் ஊர் மலையில் 1320 படி. வாரம் இரண்டு தடவை ஏறி இறங்குவேன், ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வைத்து. கோவைக்காரர்களுக்கு மருதமலைப் படி இருக்கிறது.

வனத்துறை பிப்ரவரியிலிருந்து மே வரைதான் விடும். மாசியில் சிவராத்திரிக் கூட்டத்தைத் தவிர்த்துவிட்டால் வழி நெருக்காது, மழைப் பயமும் குறைவு. குளிருக்கு ஒரு கம்பளி, மாற்றுத் துணி, குரங்குக் குல்லா. இதைச் சுமக்க முடியாதவர்கள் ஏறவே வேண்டாம். பிளாஸ்டிக் கொண்டுபோகாதீர்கள், அடிவாரத்திலேயே சோதிப்பார்கள். யானை நடமாட்டம் உள்ள காடு, தனியாக இறங்காதீர்கள். காலில் செருப்பு போடுவதா வேண்டாமா என்று...

பொள்ளாச்சி

மழை எதற்கு என்று கேட்கிறீர்களே அண்ணா, அந்தப் படியில் தண்ணீர் ஓடும்போது நீங்கள் இறங்கியிருக்கிறீர்களா? பதினொரு தடவையில் ஒரு தடவையாவது?

சென்னிமலை

இல்லை தம்பி. நான் எப்போதும் மாசி, பங்குனிதான். அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

திருப்பூர்க்காரன்

மாசியிலேயே போகிறோம், சிவராத்திரி முடிந்து மறு வாரம். மாமா பையனும் வருகிறான், இந்தத் தடவை குளியல் திரும்பும்போதுதான். அந்தக் கம்பளியைத் துவைத்து எடுத்துவைத்திருக்கிறேன், ஓரத்தில் சிவப்புக் கரை, ஒரு மூலையில் பீடி நெருப்பு சுட்ட ஓட்டை. கோபிப் பக்கம் யாருக்காவது தெரிந்த பெரியவராக இருந்தால் சொல்லுங்கள், வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறேன்.