பொரிப்பு நொதியா, அவிழ்ப்பு நொதியா?

அன்புள்ள குழுவினருக்கு,
பாடக்குறிப்பு இன்றிரவே அச்சுக்குப் போகிறது. கருவுற்ற முட்டை கருக்குழாயில் பிளவுபட்டுக்கொண்டே நகர்ந்து, 5ஆம் நாள் வாக்கில் கருக்கோளமாகிறது. அதுவரை அதைச் சுற்றி சோனா பெலுசிடா என்ற படலம். அது விலகினால்தான் கரு கருப்பைச் சுவரில் பதியும். கோளம் உப்பிப் படலத்தை மெலிதாக்க, புரதம் அறுக்கும் நொதி அதைக் கரைக்கிறது. இந்த நொதிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்? 'படலம் உடைக்கும் நொதி' என்றேன். "பனிக்குடம் உடையறதா மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அது பிரசவத்தில் நடப்பது!
மன்னார்குடி

அம்மா, 'உறைகரை நொதி' போதுமே.
நாகப்பட்டினம்

ஐயா, ராத்திரி பாலில் உறை ஊற்றுகிற வீடு எங்களுடையது. கன்றின் வயிற்றில் பாலை உறையவைக்கும் ரென்னினும் நொதிதான். 'உறை' என்ற பெயர் அதற்கல்லவா பொருந்தும்? 'படல நொதி' என்றும் வேண்டாம். கருவுற்றவுடன் முட்டை வெளிவிடும் ஓவஸ்டாசின் என்ற நொதி, இதே படலத்தின் புரதத்தை வெட்டித்தான் இன்னொரு விந்தணு நுழையாமல் தடுக்கிறது. அது பூட்டுகிறது, இது திறக்கிறது.
திருவையாறு

'அவிழ்நொதி' என்று வையுங்கள். குறுவைக்கு விதைநெல்லை ஊறப்போட்டு, சாக்கில் கட்டி, வைக்கோல் மூடி வைக்கிறோம். பிரித்தால் உமி நுனி விலகி வெள்ளை முளை தெரியும். சாக்குக்குள் கைவிட்டால் சுடும். உள்ளே அமைலேஸ் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொண்டிருக்கிறது. மொட்டு அவிழ்வதும் அவிழ்தல், சோற்றுப் பருக்கைக்கும் அவிழ் என்றே பெயர். எல்லாம் ஒரே வேர் என்றுதான் எனக்குப் படுகிறது.
கும்பகோணம்

ஐயா, வினைத்தொகையை விரித்துப் பாருங்கள்: அவிழ்ந்த நொதி, அவிழ்கின்ற நொதி, அவிழும் நொதி. நொதியே அவிழ்ந்துபோகிறதே! 'அவிழ்ப்பு நொதி' என்றால் பிறவினை வந்துவிடும்.
மன்னார்குடி

சரி, உறையை விட்டுவிடுகிறேன். 'பொரிப்பு நொதி' எப்படி? மீன் முட்டையிலும் குஞ்சு வெளிவர உறையைக் கரைக்கும் நொதி உண்டு. பொரியல் நினைவு வரும் என்பீர்கள். கோழி குஞ்சு பொரித்தது என்றால் யாரும் வாணலியை நினைப்பதில்லை.
நாகப்பட்டினம்

எனக்கும் பொரிப்புதான். கேட்டதும் புரிகிறது.
திருவையாறு

மணி 11. 'பொரிப்பு நொதி' என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். எல்லோருக்கும் நன்றி.
மன்னார்குடி

பிறவினைத் திருத்தத்தை ஏற்கிறேன், அம்மா. ஆனால் 'பொரிப்பு' எனக்கு ஒப்பவில்லை. குஞ்சு பொரித்தால் வெளியுலகுக்கு வந்துவிட்டது என்று பொருள். இந்தக் கரு இனிமேல்தான் தாயோடு ஒட்டப்போகிறது. அடுத்த பதிப்பில் 'அவிழ்ப்பு நொதி'யை அடைப்புக்குறிக்குள்ளாவது சேருங்கள்.
கும்பகோணம்