கிட்டார் பதிவில் கெயின் எவ்வளவு?

கேள்வி: எலக்ட்ரிக் கிட்டாரை நேராக இன்டர்ஃபேஸில் (ஒலியைக் கணினிக்கு அனுப்பும் பெட்டி) செருகிப் பதிவு செய்கிறேன். ஓங்கி அடித்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. கெயினை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் குமிழ்) எங்கே வைப்பது?

பதில் 1: முதலில் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ பட்டன் அழுத்தியிருக்கிறதா பாருங்கள். லைன் இன்புட்டில் (கீபோர்டு போன்றவற்றுக்கானது) கிட்டார் ஒலி மங்கிப்போகும்.

பதில் 2: கிட்டாரின் வால்யூமை முழுசாகத் திறந்து, பாட்டிலேயே பலமான இடத்தை வாசியுங்கள். உள்ளங்கையால் கம்பியை அமுக்கி அடிக்கும் அந்த ‘தட்’, மீட்டரை எகிற வைக்கும். உச்சம் -12க்கும் -6 டெசிபலுக்கும் நடுவே நிற்கட்டும். 24 பிட் தரத்தில் பதிவு செய்தால், திரையில் அலைவடிவம் ஒல்லியாகத் தெரிந்தாலும் கவலை வேண்டாம், அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம். உள்ளே வரும்போதே அளவு மீறி வெட்டுப்பட்ட ஒலியை முழுசாக மீட்க முடியாது. ஹம்பக்கர் (சிக்னல் பலமாக வரும் இரட்டைச் சுருள் பிக்கப்) கிட்டாருக்கு மாறினால் அளவை மறுபடி பாருங்கள்.

கேட்டவர்: கெயினைக் குறைத்தால் ஆம்ப் ப்ளகினில் (ஆம்ப்ளிஃபையர் போல ஒலிக்க வைக்கும் மென்பொருள்) டிஸ்டார்ஷன், அதாவது கரகரப்பு, குறைகிறதே?

பதில் 2: ப்ளகினின் இன்புட் குமிழை ஏற்றுங்கள். இன்டர்ஃபேஸைத் தொடாதீர்கள்.